டிஷ்ஷைக் கழற்றுவதற்கு முன்

பினாங்கில் பத்தொன்பது வருடம் வீடு வீடாக ஏறி டிஷ் மாட்டியவன் நான். ஜெலுத்தோங்கில் வீடு. பழைய வேன் ஒன்று, அதன் மேல் ஏணி, உள்ளே சுவர் துளைக்கும் மெஷினும் சுருள் சுருளாய் வயரும். இன்றைக்கும் அதே வேன், அதே ஏணி. வேலை மட்டும் தலைகீழாகிவிட்டது. போன வருடம் நான் மாட்டிய டிஷ்ஷைவிடக் கழற்றிய டிஷ்தான் அதிகம். கழற்றிவிட்டு இறங்கினால், "அண்ணே, அப்படியே இந்த ஆப்பெல்லாம் கொஞ்சம் போட்டுக் கொடுத்துட்டுப் போங்கண்ணே" என்பார்கள். போட்டுக் கொடுத்துக் கொடுத்து அதுவே ஒரு தொழில் மாதிரி ஆகிவிட்டது.

அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பல வீடுகளில் நான் பார்க்கும் தப்பு ஒன்றுதான்: முதலில் டிஷ்ஷை நிறுத்திவிடுகிறார்கள், மற்றதைப் பிறகு யோசிக்கிறார்கள். டிஷ்ஷை நிறுத்துவது கடைசி வேலை. முதல் வேலை, வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது.

ஆயர் ஈத்தாமில் ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட், பதினைந்தாவது மாடி, ஒரு ஆண்ட்டி. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தீபாவளி லீவுக்கு வந்தவர் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டி, நெட்ஃபிளிக்ஸ் போட்டு, டிஷ் சந்தாவை ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனசுதான். மூன்று நாள் கழித்து ஆண்ட்டி எனக்குப் போன் போட்டார். "தம்பி, டிவி நிறைய படம் படமா நிக்குது, நாடகம் ஒன்னும் ஓட மாட்டேங்குதுப்பா." போய்ப் பார்த்தால், செயலியின் முகப்புப் பக்கம். எதுவாவது தானாக ஆரம்பிக்கும் என்று மூன்று சாயங்காலம் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். டிஷ்ஷில் பெட்டியைப் போட்டால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். செயலியில் நாம் எடுத்துப் போட்டால்தான் ஓடும். இந்த வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் தேடிய நாடகமும் அந்தச் செயலியில் இல்லவே இல்லை என்பது வேறு கதை.

சேனல் ஏன் போகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முன்பெல்லாம் சேனல் நடத்துபவர்கள் தங்கள் சேனலை டிஷ் கம்பெனிக்கு விற்றார்கள், டிஷ் கம்பெனி நமக்கு விற்றது. இப்போது சேனல்காரர்களே சொந்தமாகக் கடை திறந்துவிட்டார்கள். 2021 ஜூன் 1 அன்று டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் மலேசியாவுக்கு வந்தது. அதே வருடம் அக்டோபர் 1 அன்று, டிஸ்னி தென்கிழக்காசியாவிலும் ஹாங்காங்கிலும் 18 சேனல்களை ஒரே நாளில் மூடியது. ஃபாக்ஸ் மூவிஸ், ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் எல்லாம் அதில் போனவைதான்.

அந்த வாரம் எனக்கு வந்த போன்களை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். "டிஷ் காத்துல திரும்பிடுச்சு போல, வந்து சரி பண்ணு." பாயான் பாருவில் ஒரு அங்கிள் வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தேன், சிக்னல் முழுசாக இருந்தது. சேனலே உலகத்தில் இல்லை, டிஷ்ஷைத் திருப்பி என்ன பண்ணுவது? அவர் நம்பவில்லை. இன்னொரு ஆளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஏறச் சொன்னார்.

ஆகவே டெக்னிஷியனைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். திரையில் 'சிக்னல் இல்லை' என்று வருகிறதா, 'இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா கட்டவில்லை' என்ற பொருளில் ஏதாவது வருகிறதா? இரண்டாவது என்றால் டிஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சேனல் உங்கள் பேக்கேஜிலிருந்து போய்விட்டது. எல்லாச் சேனலும் போய், வெளியே கொட்டும் மழை என்றால், தே தாரிக் ஒன்று கலக்கிக் குடித்துவிட்டு வாருங்கள். டிஷ்ஷுக்கு வரும் அலையை மழை மறைத்துவிடும், மழை விட்டால் வந்துவிடும். மழையே இல்லாமல் பாதிச் சேனல் வந்து, மீதிப் பாதி 'சிக்னல் இல்லை' என்றால், டிஷ்ஷின் மூக்கில் இருந்து சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.யோ வயரோதான் போயிருக்கும். அப்போது கூப்பிடுங்கள்.

நமது மீசாட் செயற்கைக்கோள் நிற்பது கிழக்கு 91.5 டிகிரியில். பினாங்கிலிருந்து பார்த்தால் தென்மேற்கே, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், 78 டிகிரி உயரத்தில். டிஷ் அவ்வளவு நிமிர்ந்து தெரியாது, காரணம் அது பக்கவாட்டில் வெட்டிய கிண்ணம் மாதிரி. ஆனாலும் மழையை ஏந்திக் குடிப்பதுபோலத்தான் உட்கார்ந்திருக்கும். பத்தொன்பது வருடம் இதையே பார்த்தவன், கொஞ்சம் பேசிவிட்டேன். விஷயத்துக்கு வருவோம்.

நோட்டு போடுங்கள்

ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள், பேனாவைக் கயிறு கட்டி. இரண்டு வாரம். யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்தார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். நூற்றுக்கும் மேலே சேனல் இருக்கும் வீட்டில் ஆறு, ஏழு சேனலுக்கு மேல் நோட்டில் ஏறாது. நான் பந்தயமே கட்டுவேன்.

என் வீட்டு நோட்டைச் சொல்கிறேன். மனைவிக்கு ராத்திரி இரண்டு நாடகம், ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். எனக்கு டிவி2-ல் தமிழ்ச் செய்தி. பையனுக்குக் கால்பந்து. பேத்திக்கு யூடியூப், அது டிஷ்ஷே கிடையாது. அப்புறம், அம்மா. அம்மா எதையும் 'பார்ப்பதில்லை' என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நோட்டில் பார்த்தால் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை டிவி ஓடியிருக்கிறது. திரையில் ஒன்றும் இருக்காது. டிஷ் பெட்டியில் வரும் வானொலியைப் போட்டுவிட்டு சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டிருப்பார். நான் நோட்டு போடாமல் டிஷ்ஷைக் கழற்றியிருந்தால் அம்மாவுக்கு மின்னல் பண்பலையும் போயிருக்கும், அவரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்.

நோட்டு நிறைந்ததும் மூன்று விதமாகப் பிரியுங்கள். அந்த நேரத்துக்கே பார்த்தாக வேண்டியவை: பந்து, செய்தி, தைப்பூசத்தன்று தண்ணீர்மலையிலிருந்தோ பத்துமலையிலிருந்தோ வரும் நேரலை. எப்போது பார்த்தாலும் சரி என்பவை: நாடகம், படம். சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டியவை: பாட்டு, வானொலி. நடுவில் இருப்பதற்குத்தான் செயலி பிரமாதம். மூன்றாவதற்குப் பெரும்பாலும் காசே வேண்டாம். வீட்டில் சண்டை வருவது முதலாவதில்தான்.

எது எங்கே கிடைக்கும்

செய்தியிலிருந்து தொடங்குகிறேன், இலவசம் என்பதால். 2019-ல் நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டார்கள். மைஃப்ரீவியூ என்று பெயர். கொஞ்சம் புதிய டிவி என்றால் அதற்குள்ளேயே அதைப் பிடிக்கும் வசதி இருக்கும். பழைய டிவிக்குச் சின்னப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். கூடவே ஒரு யு.எச்.எஃப் ஆன்டெனா. மாதச் சந்தா கிடையாது. டிவி2-ன் தமிழ்ச் செய்தி அதில் வரும், பெர்னாமாவும் வரும். எங்கள் அப்பா காலத்தில் ஆன்டெனாவை ஜெராய் மலைப் பக்கம் திருப்பிவிட்டு, "வருதா, வருதா?" என்று கூரையிலிருந்து கத்துவார். அந்த ஆன்டெனாவைத்தான் எல்லாரும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு டிஷ் வாங்கினோம். இப்போது நான் திரும்ப ஆன்டெனா மாட்டிக்கொண்டிருக்கிறேன். அரசாங்க ஒளிபரப்பு நிலையத்தின் ஆர்.டி.எம்.கிளிக் செயலியிலும் அதே செய்தி கிடைக்கும். மின்னலும் அதில் உண்டு. அம்மாவுக்கு ஒரு பழைய போனில் அதைப் போட்டு, ஒரு ஸ்பீக்கரோடு அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

இந்தியத் தமிழ் நாடகங்களுக்கு, எந்தச் சேனல் நாடகமோ அந்தச் சேனலின் செயலியைத்தான் தேட வேண்டும். சன் டிவி நாடகம் என்றால் சன் நெக்ஸ்ட், ஜீ தமிழ் என்றால் ஜீ5. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: காசு கட்டுவதற்கு முன், மலேசியாவில் இருந்துகொண்டு, செயலியைத் திறந்து, உங்கள் நாடகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெரும்பாலான செயலிகளில் தேடுவதற்குக் காசு வேண்டாம். ஒரே செயலி இந்தியாவில் ஒரு மாதிரி இருக்கும், இங்கே வேறு மாதிரி இருக்கும். ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக விற்பதால் அப்படி. "சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகன் கணக்கு இருக்கு, அதையே போட்டுக்கலாம்" என்று சொன்ன எத்தனையோ பேர் வீட்டில் 'உங்கள் நாட்டில் இது கிடைக்காது' என்ற வரியைப் படித்துக்காட்டி இருக்கிறேன்.

வானவில், விண்மீன் இரண்டும் தனிக் கணக்கு. அவை அஸ்ட்ரோ என்ற டிஷ் கம்பெனி நடத்தும் நம் ஊர்ச் சேனல்கள். நம் பையன்கள் நடிப்பது, நம் பேச்சு, பிறையிலும் ஈப்போவிலும் எடுத்த நாடகம். இந்தியச் செயலிகளில் அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நோட்டில் இவை இரண்டும் அடிக்கடி வந்திருந்தால், என் யோசனை: டிஷ்ஷைக் கழற்றாதீர்கள். பேக்கேஜை இருப்பதிலேயே சின்னதாக இறக்குங்கள், இந்தச் சேனல்கள் அதில் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முழுசாக வைப்பது, முழுசாக வெட்டுவது என்று இரண்டு வழிதான் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் மாற்றிக் கொடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் நடுவழியில்தான் நிற்கின்றன, நிம்மதியாகவும் இருக்கின்றன. மாதக் கட்டணம் இல்லாத, அஸ்ட்ரோவின் என்ஜாய் பெட்டியும் ஒரு வழி. அதுவும் அதே செயற்கைக்கோள் என்பதால் டிஷ்ஷைத் தொட வேண்டாம், பெட்டியை மாற்றினால் போதும்.

பந்து பார்ப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: சீசன் தொடங்குவதற்கு முன் விசாரியுங்கள். உரிமையைச் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் ஏலம் விடுவார்கள். அது கை மாறினால் நீங்கள் போன வருடம் கட்டிய செயலி இந்த வருடம் வெறும் பெட்டி. 'மாமாக்' சாப்பாட்டுக் கடையில் நூறு பேரோடு பார்ப்பதுபோல் வராது என்பது தனி.

இணையம்

"நூறு எம்.பி.பி.எஸ். வேகத்துல நெட் போட்டிருக்கேன் அண்ணே, அப்புறமும் சுத்துது" என்பார்கள். வேகம் பற்றாததால் சுற்றுவது ரொம்பக் குறைவு. நல்ல எச்.டி. படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்.பி.பி.எஸ்.தான், 4கே-க்கு 15. நூறில் ஆறு வீட்டுக்குப் பங்கு வைக்கலாம். சிக்கல், ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கிறது, டிவி உள்ளறையில் இருக்கிறது, நடுவில் ரைஃபிள் ரேஞ்ச் மாதிரிக் கான்கிரீட் சுவர். பல ரவுட்டரில் வைஃபை இரண்டு பெயரில் வரும். 5 என்று போட்டது வேகம், ஆனால் சுவரைத் தாண்டாது. 2.4 மெதுவாகப் போகும், தாண்டிப் போகும். டிவி ரவுட்டருக்கு எதிரே இருந்தால் முதலாவது, உள்ளறையில் இருந்தால் இரண்டாவது. அதிலும் சரிவரவில்லையா, லேன் வயர் இழுத்துவிடுங்கள். டிஷ் வயர் வந்த ஓட்டை சுவரில் ஏற்கனவே இருக்கும். பல வீட்டில் அதே ஓட்டை வழியாக, அதே ஆணி வரிசையில் இழுத்திருக்கிறேன். புதுசாகத் துளைக்க வேண்டியதில்லை.

போன் டேட்டாவை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்.டி.யில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை போகும். தினம் நான்கு மணி நேரம் ஓடும் வீட்டில் மாதம் 360 ஜி.பி. ஃபைபர் இல்லாத வீட்டில் நான் டிஷ்ஷைக் கழற்றச் சம்மதிப்பதில்லை.

பெட்டி

டிவி ஸ்மார்ட் டிவியாக இருந்து, உங்களுக்கு வேண்டிய செயலி அதில் இருந்தால், பெட்டியே வேண்டாம். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய ஸ்மார்ட் டிவி என்றால் சந்தேகம்தான்; செயலிகளின் புதிய பதிப்பு அதில் ஏறாது. அப்போது எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் செருகும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினால் போதும், டிவியை மாற்ற வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு பாருங்கள். ஒன்று, சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை. இரண்டு, நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளின் அங்கீகாரம். படத்தை யாரும் களவாடாமல் காக்க வைட்வைன் என்று ஒரு பூட்டு இருக்கிறது. மலிவுப் பெட்டிகளில் அதன் கீழ்ப்படி மட்டும்தான் இருக்கும். அதில் நீங்கள் எவ்வளவு பெரிய டிவி வைத்திருந்தாலும், எவ்வளவு காசு கட்டினாலும், படம் பழைய வி.சி.டி. மாதிரி மங்கலாகத்தான் வரும். வாடிக்கையாளர் இணையத்தைத் திட்டுவார், டிவியைத் திட்டுவார். குற்றவாளி அந்தக் குட்டிப் பெட்டி.

இனி, 'ஐயாயிரம் சேனல், வாழ்நாள் முழுக்க, ஒரே தடவை கட்டினால் போதும்' பெட்டி. நமது ஆட்களிடம் இது பரவியிருக்கும் அளவுக்கு வேறு எதுவும் பரவவில்லை. என் சொந்த மச்சான் வாங்கினார், என்னைக் கேட்காமல். முந்நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். 'வாழ்நாள்' என்பது பெட்டியின் வாழ்நாளோ விற்றவரின் வாழ்நாளோ தெரியாது, நான்காவது மாதம் எல்லாச் சேனலும் கறுப்பு. விற்றவரின் நம்பரும் கறுப்பு. 2022 மார்ச் 18 முதல் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அமலில் இருக்கிறது: இப்படிக் களவு ஒளிபரப்புக்கான பெட்டியைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிக்கொடுக்கச் சொல்லி என்னிடம் வருபவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: மாட்டிக்கொடுத்தால் மாட்டிக்கொள்வது நான்.

ரிமோட்

இதுதான் என் பாடத்தில் பெரிய அத்தியாயம். செயலி போடுவது பத்து நிமிடம். அதை வீட்டில் வயதானவர் தனியாக இருக்கும்போது போட்டுப் பார்க்கும்படி செய்வதுதான் வேலை.

முதலில், ரிமோட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். டிவிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். டிவி அமைப்புகளில் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்று ஒன்று இருக்கும். சாம்சங் டிவியில் அதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க். அதை இயக்கிவிட்டால், பெட்டியின் ரிமோட்டில் பவரை அமுக்கினாலே டிவியும் சேர்ந்து எழுந்துகொள்ளும். பிறகு டிவி ரிமோட்டை அலமாரியில் பூட்டி வைத்துவிடலாம்.

அடுத்து, முகப்பில் தேவையில்லாத செயலிகளையெல்லாம் அகற்றுங்கள். மூன்றே மூன்று இருக்கட்டும். நாடகம் முதலில், யூடியூப் இரண்டாவது, மற்றது மூன்றாவது. வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். பெயரைப் படித்து அமுக்குவதில்லை அவர்கள், இடத்தை வைத்துத்தான் அமுக்குகிறார்கள். நிறமும் அப்படித்தான். எச்.பி.ஓ. செயலியைப் பாருங்கள். எச்.பி.ஓ. கோ என்று இருந்தது, 2024 நவம்பரில் மேக்ஸ் ஆனது, 2025-ல் எச்.பி.ஓ. மேக்ஸ் ஆனது. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சுற்று போன். "அந்த ஆப் காணாம போச்சு."

ரிமோட்டில் தேவையான பட்டன் நான்குதான்: பவர், நடுப் பட்டன், பின்னால் போகும் பட்டன், வீடு படம் போட்ட பட்டன். என் மனைவியின் நகச்சாயத்தை எடுத்து நான்கிலும் பொட்டு வைப்பேன். பவருக்குச் சிவப்பு, வீட்டுக்குப் பச்சை. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டுவேன்: 'சிவப்பை அமுக்கவும். முதல் படத்தில் நிற்கும். நடுவை அமுக்கவும். வழி தவறினால் பச்சை.' இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். வயதானவர்களுக்குப் பயம் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்பதுதான். பச்சையை அமுக்கினால் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தெரிந்தால், தைரியமாக எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்ப்பார்கள்.

பிறகு நீங்கள் கை வைக்காதீர்கள். ரிமோட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்று தடவை அவர்களாகவே அணைத்துப் போட்டு நாடகத்தைக் கண்டுபிடிக்கட்டும். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது, பிடுங்கி அமுக்கிவிடுவார்கள். நான் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று சில செயலிகள் கேட்கும், தொடர்ந்து ஓடினால். அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளுகோரில் ஒரு தாத்தா, டிவி தன்னைத் தூங்கப் போகச் சொல்கிறது என்று நினைத்து, ஒரு மாதம் தினமும் பாதிப் படத்தில் எழுந்து படுக்கப் போயிருக்கிறார்.

காசு

ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகப் பார்த்தால் மலிவு. ஐந்து செயலி சேர்ந்தால் பழைய டிஷ் பில் திரும்ப வந்து நிற்கும். வெளிநாட்டுச் செயலிகளின் கட்டணத்தோடு டிஜிட்டல் சேவை வரியும் சேரும். 2020-ல் 6 விழுக்காடாக வந்தது, 2024 மார்ச் முதல் 8. ரிங்கிட்டில் வாங்காமல் டாலரில் வாங்கும் செயலி என்றால் வங்கிக்காரர்களும் மாற்றுக் கட்டணம் எடுப்பார்கள்.

நான் சொல்லும் முறை: எப்போதும் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று, நாடகச் செயலி. மற்றதெல்லாம் சுற்று முறையில். இந்த மாதம் ஒன்றைக் கட்டி, அதில் பார்க்க நினைத்ததையெல்லாம் பார்த்து முடித்து, நிறுத்தி, அடுத்த மாதம் வேறொன்று. கட்டிய அன்றைக்கே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான செயலிகள் கட்டிய மாதம் முடியும்வரை ஓடும். வருடச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் முதல் வருடம் வேண்டாம். பெரிய கடன் அட்டையை இதற்குக் கொடுக்காமல், டச் என் கோ மாதிரி மின்பணப்பையில் அந்தந்த மாதத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு வைப்பது நல்லது. மறந்துபோன சந்தா அங்கே காசில்லாமல் தானாகச் செத்துவிடும்.

கோலாலம்பூரில் இருக்கும் மகள் கணக்கைப் பினாங்கில் அம்மா பயன்படுத்துவது முன்பு நடந்தது. 2023 முதல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கை ஒரு வீட்டுக்கு என்று இறுக்கிவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

என் வீட்டில் மாதம் 140 வெள்ளி சொச்சம் போய்க்கொண்டிருந்தது. இப்போது சின்ன பேக்கேஜும் ஒன்றரைச் செயலியும் சேர்த்து 80-க்குள் நிற்கிறது. அரைச் செயலி என்பது பையன் பாதி கட்டுவது.

கடைசியாக, டிஷ்

இரண்டையும் ஒரு மாதம் ஒன்றாக ஓடவிடுங்கள். காசு கொஞ்சம் கூடத்தான் போகும், பரவாயில்லை. அந்த மாதம் முழுக்க யாரும் டிஷ் ரிமோட்டைத் தேடவில்லை என்றால் நிறுத்தலாம். நிறுத்தும் முன் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கேளுங்கள். முன்னாலேயே வெட்டினால் தண்டம் உண்டா என்றும் கேளுங்கள். பெட்டி அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் பதிவு செய்து வைத்த நிகழ்ச்சிகள் வேறெதிலும் ஓடாது, பூட்டுப் போட்டவை. பேத்தி டிவியில் பாடியது அதில்தான் இருக்கிறது என்றால், கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள், திரையைப் போனில் படம் பிடித்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.

டிஷ்ஷைக் கழற்றினால் சுவரில் நான்கு ஓட்டை இருக்கும். அன்றைக்கே சிலிகோன் பசை வைத்து அடைக்க வேண்டும். விட்டால் அடுத்த மழைக் காலத்தில் உள்சுவரில் வரைபடம் வரும். கழற்றிய டிஷ்ஷை மல்லாக்கப் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டை போடும், சுகாதாரத் துறைக்காரர்கள் வந்தால் அபராதச் சீட்டு எழுதுவார்கள். பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள், இல்லையென்றால் கவிழ்த்து வையுங்கள்.

பதினைந்தாவது மாடி ஆண்ட்டி இரண்டுமே செய்யவில்லை. போன மாதம் ரவுட்டர் பார்க்கப் போனபோது, நடைவழியில் நல்ல வெயில் படும் இடத்தில் டிஷ்ஷை வைத்து, அதன் நடுவில் இரண்டு துளை போடச் சொல்லி, மேலே துணி விரித்து, மோர் மிளகாய் காயப் போட்டிருந்தார். சாயங்காலம் நாடகம் ஆரம்பிப்பதற்கு முன் உள்ளே எடுத்துவிடுவாராம். எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார்.